டீசல் பிக்கப்பில் இஜிஆர் வால்வை அடைத்தால் மைலேஜ் கூடுமா? கண்ணுக்குத் தெரியாத புகையும் கைக்கு வரும் செலவும் - முழு விளக்கம்

டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. லோடு ஏற்றிய பிக்கப் மேட்டில் ஏற முக்குகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனால், "இஜிஆர் வால்வு போச்சுண்ணே. புதுசு போட்டா செலவு ஜாஸ்தி. ஒரு தகடு வச்சு அடைச்சிடலாம், வண்டி பறக்கும்" என்கிறார்கள். டீசல் வண்டி ஓட்டும் பலருக்கும் இந்தப் பேச்சு புதுசு இல்லை.

இதே யோசனையை அமெரிக்காவில் லட்சக்கணக்கான பிக்கப் உரிமையாளர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். அதற்கென்றே தனியாக ஒரு உதிரிபாக வியாபாரமும் வளர்ந்தது. கடைசியில் அது கோர்ட்டு, அபராதம் என்று போய் நின்றது. இஜிஆர் உண்மையில் என்ன செய்கிறது? அதை அடைத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

இஜிஆர் என்றால் என்ன?

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, மறுபடியும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் அமைப்புதான் இஜிஆர். கேட்டால் வேடிக்கையாக இருக்கும். எரிந்த புகையை எதற்கு மறுபடி உள்ளே விட வேண்டும்?

காரணம் சூடு. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது எதனுடனும் சேராது. ஆனால் டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் சூடு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், நைட்ரஜனும் ஆக்சிஜனும் வேகமாகச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களாக மாறும். ஏற்கெனவே எரிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதிகம். இதைக் கொஞ்சம் கலந்துவிட்டால் எரியும் சூடு தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும்.

இந்த அமைப்பில் முக்கியமானவை இரண்டு. எவ்வளவு புகையை உள்ளே விடுவது என்று திறந்து மூடும் வால்வு ஒன்று. அந்தப் புகையை ரேடியேட்டர் கூலன்ட் மூலம் ஆறவைக்கும் இஜிஆர் கூலர் மற்றொன்று. வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று உத்தரவு போடுவது வண்டியின் இசியு கம்ப்யூட்டர்.

அது ஏன் அடிக்கடி கெட்டுப்போகிறது?

திரும்பி வரும் புகையில் கரித்தூள் இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவி அதோடு சேர்ந்தால் பிசுபிசுவென்று தார் போல ஒட்டும். நாளாக ஆக வால்வு சரியாகத் திறக்காது, அல்லது மூடாது.

வண்டியை நிறுத்திவைத்து நீண்ட நேரம் இன்ஜினை ஓடவிடுவது, இன்ஜின் சூடாவதற்குள் முடிந்துவிடும் குட்டிக் குட்டி ட்ரிப், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர், டர்போ குழாயில் காற்றுக் கசிவு, எல்லாமே கரியைக் கூட்டும். அதாவது இஜிஆர் பல நேரம் நோய் இல்லை, நோயின் அறிகுறி. வால்வை மட்டும் மாற்றிவிட்டு இவற்றைக் கவனிக்காமல் விட்டால், புது வால்வும் அதே கதிக்குத்தான் போகும்.

அடைத்த பிறகு வண்டி நல்லா இழுக்குதே, அது எப்படி?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து மேடு ஏறும்போது இன்ஜினுக்கு நிறைய ஆக்சிஜன் தேவை. அதனால் அந்த நேரத்தில் இசியு இஜிஆர் வால்வைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கும். நன்றாக இருக்கும் இஜிஆர், வண்டியின் முழு இழுவையைத் திருடுவதில்லை.

கரி பிடித்து வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கதை வேறு. மூட வேண்டிய நேரத்திலும் புகை உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வண்டி மூச்சுத் திணறும். அப்போது தகடு வைத்து அடைத்தால் இழந்த இழுவை திரும்பி வரும். ஓட்டுநர் அதைப் 'புது பவர்' என்று நினைத்துக்கொள்கிறார். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தாலும் அதே இழுவை வந்திருக்கும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இஜிஆர் நின்றுவிட்டால் கரி குறையும், சைலன்சரில் கரும்புகை குறைந்தது போலத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு கூடும். நுரையீரலை எரிச்சலூட்டி ஆஸ்துமாவைக் கிளப்புவது இந்த வகை வாயுதான். வெயிலில் இது ஓசோனாகவும், காற்றில் மிதக்கும் நுண்துகளாகவும் மாறும். முதலில் சுவாசிப்பது வேறு யாருமில்லை. வண்டி ஓட்டுபவர், பின்னால் நின்று லோடு இறக்குபவர், ரோட்டோரக் கடைக்காரர்.

அமெரிக்க பிக்கப்களில் என்ன நடந்தது?

இஜிஆர் மேல் அமெரிக்கர்களுக்கு வெறுப்பு வர ஒரு இன்ஜின் பெரிய காரணம். 2003 முதல் 2007 மாடல் வரை ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 பிக்கப்களில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின். ஃபோர்டுக்காக இதைத் தயாரித்தது நாவிஸ்டார் நிறுவனம். இஜிஆர் கூலர் வெடித்து, கூலன்ட் உள்ளே புகுந்து, வெள்ளைப் புகை தள்ளுவது இந்த வண்டிகளின் அடையாளமாகவே ஆனது. வாரண்டி செலவை யார் ஏற்பது என்று இரண்டு கம்பெனிகளும் கோர்ட்டுக்கே போயின.

'எல்லாத்துக்கும் இஜிஆர்தான் காரணம், கழற்றி எறி' என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் பல வண்டிகளில் உண்மையான வில்லன் வேறு. இந்த இன்ஜினில் கூலன்ட் முதலில் ஆயில் கூலருக்குள் போகும், அதற்குப் பிறகுதான் இஜிஆர் கூலருக்கு வரும். வார்ப்பு மணலும் கெட்டுப்போன கூலன்ட் கசடும் ஆயில் கூலரின் மெல்லிய வழிகளை அடைத்துவிடும். இஜிஆர் கூலருக்கு வர வேண்டிய கூலன்ட் வராது. கொதிக்கும் புகை உள்ளே, தண்ணீர் இல்லாத கூலர் வெளியே. வெடிக்காமல் என்ன செய்யும்?

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது ஆயில் சூடு, கூலன்ட் சூட்டைவிட 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது சுமார் 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதிகமாக இருந்தால், ஆயில் கூலர் அடைக்கிறது என்று அர்த்தம். இஜிஆரைக் கழற்றினாலும் அடைத்த ஆயில் கூலர் அப்படியேதான் இருக்கும். சூடேறிய ஆயில் இன்ஜினைத் தின்றுகொண்டேதான் இருக்கும்.

எந்த பார்ட்ஸ் சரி, எது தப்பு?

வண்டி கம்பெனி அல்லாத மற்ற கம்பெனிகள் செய்யும் உதிரிபாகங்களை 'ஆஃப்டர்மார்க்கெட்' என்பார்கள். இவை எல்லாமே தப்பு இல்லை. இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, இஜிஆரின் வேலையை நிறுத்தாமல் அதைப் பலப்படுத்துவது. அந்த ஃபோர்டு இன்ஜினுக்கே வலுவான ஸ்டீல் குழாய்கள் வைத்த இஜிஆர் கூலர், கூலன்டில் வரும் கசடைப் பிடிக்கும் ஃபில்டர் எல்லாம் மற்ற கம்பெனிகளிடமிருந்து வந்தன. கலிஃபோர்னியா மாநிலத்தில் புகைக் கட்டுப்பாட்டைத் தொடும் மாற்றுப் பாகங்களை அரசின் காற்று வள வாரியம் சோதித்து, உத்தரவு எண் கொடுக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம்.

இரண்டாவது வகை, 'டெலீட் கிட்'. இஜிஆரை மொத்தமாகக் கழற்றிவிட்டு ஓட்டையை மூடும் தகடும் குழாயும், கூடவே இன்ஜின் விளக்கு எரியாதபடி கம்ப்யூட்டரை ஏமாற்றும் சாஃப்ட்வேரும். 'பவர் கூடுச்சு' என்று சொல்வதற்குப் பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேர் கூடுதலாக ஊற்றும் டீசல்தான் காரணம். இப்படிக் கழற்றுவதை மட்டுமல்ல, அதற்கான பாகத்தைச் செய்வதையும் விற்பதையும்கூட அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது.

5.5 லட்சம் வண்டி, 90 லட்சம் வண்டியின் புகை

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. சுமார் பத்து ஆண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டிருப்பதாக அதில் மதிப்பிட்டது. இஜிஆர் மட்டுமல்ல, கரித்தூள் ஃபில்டர் போன்றவையும் இதில் சேரும். இந்த வண்டிகள் தங்கள் ஆயுளில் கூடுதலாகத் தள்ளும் நைட்ரஜன் ஆக்சைடு 5.7 லட்சம் டன். விதிப்படி ஓடும் பிக்கப்கள் 90 லட்சத்துக்கும் மேல் புதிதாக ரோட்டில் இறங்கியதற்குச் சமம்.

டிவியில் பிரபலமான 'டீசல் பிரதர்ஸ்' நிகழ்ச்சிக் குழுவும் தப்பவில்லை. கருவிகளைக் கழற்றிய பிக்கப்களை விற்றதாக யூட்டா மாநில மருத்துவர்கள் அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2020-ல் கோர்ட் 8 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. இன்ஜின் கம்பெனியே சாஃப்ட்வேரில் விதியை மீறியதாகவும் வழக்கு வந்தது. ராம் 2500, 3500 பிக்கப் இன்ஜின்கள் தொடர்பாக கம்மின்ஸ் நிறுவனம் தப்பை ஒப்புக்கொள்ளாமலேயே 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் சம்மதித்தது.

நம்ம ஊரில் என்ன நிலை?

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்-6 விதி. எடை கூடிய இலகுரக டீசல் சரக்கு வண்டிகளுக்கு பிஎஸ்-4 காலத்தில் கிலோமீட்டருக்கு 390 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை அனுமதி இருந்தது. பிஎஸ்-6-ல் அது 125 மில்லிகிராம். இந்த அளவை எட்ட இஜிஆர் முக்கியம்.

தகடு வைத்து அடைத்தால் புகை வரவில்லை என்பதை இசியு கண்டுபிடித்துவிடும். 'பி 0401' என்ற கோட் விழும், பல வண்டிகளில் வேகம் தானாகவே கட்டுப்படும். வாரண்டியும் கைவிட்டுப் போகலாம். இங்கே டீசல் வண்டிக்கான புகைப் பரிசோதனை கரும்புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அதனால் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது என்பதற்காக வண்டி சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. லைசென்சும் 3 மாதத்துக்குப் போகும்.

இன்ஜின் விளக்கு எரிந்தால் என்ன செய்யலாம்?

* முதலில் ஸ்கேனர் போட்டு என்ன கோட் என்று கேளுங்கள். பார்க்காமலே 'இஜிஆர்' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

* வால்வை மாற்றும் முன் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்று பாருங்கள். கூடவே ஏர் ஃபில்டர், டர்போ குழாய், இன்ஜெக்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

* ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டாதீர்கள். துருவும் உப்புப் படிவும் இஜிஆர் கூலரைத்தான் முதலில் அடிக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட், கம்பெனி சொன்ன தரத்தில் ஆயில்.

* வெளியே ஒழுகல் இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்து வெள்ளைப் புகையும் வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

* வேறு கம்பெனி பார்ட்ஸ் வாங்கினால் உங்கள் மாடல், வருடம், பிஎஸ் தரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, பில்லும் வாரண்டியும் எழுதி வாங்குங்கள்.

"அடைச்சிடலாம்ணே" என்று யாராவது சொன்னால், "அது ஏன் கெட்டுச்சு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள்.