டியாகோ கார்சியாவும் வட்டுவாகலும்

2021இல் கனடாவை நோக்கிப் போன படகொன்று இந்தியப் பெருங்கடலில் தத்தளித்தது. அதிலிருந்த 89 இலங்கைத் தமிழர்கள் டியாகோ கார்சியாவில் கரைசேர்க்கப்பட்டார்கள். முல்லைத்தீவிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில், பிரித்தானியாவும் அமெரிக்காவும் படைத்தளம் வைத்திருக்கும் தீவு அது. ஒரு கால்பந்துத் திடலளவு இடம், சுற்றிவர வேலி, கூடாரத்துக்குள் எலிகள். பிள்ளைகளும் அதற்குள்தான் இருந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2024 டிசம்பரில், அது சட்டவிரோதத் தடுத்துவைப்பு என்று நீதிபதி மார்கரெட் ஓபி தீர்ப்பளித்தார்.

அந்தத் தீவு தளமான கதையை வன்னியில் நாங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

1957இல் திருகோணமலைத் துறைமுகத்தை இலங்கையிடம் கையளித்த பிரித்தானியா, 1965 நவம்பரில் டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்தெடுத்தது. அடுத்த வருடம் படைத்தளத்துக்காக அமெரிக்காவோடு 50 வருட ஒப்பந்தம். அங்கே நிரந்தரக் குடிகள் இல்லை என்று வெளியுலகுக்குச் சொன்னார்கள். உண்மையில் தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோட்டத்தில் கொப்பரா காயவைத்து வாழ்ந்த சனம் இருந்தது. ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள். தென்னிந்தியாவிலிருந்து போன கூலிகளின் இரத்தமும் அவர்களில் உண்டு. 1968 தொடக்கம் 1973 வரையில் எல்லோரையும் வெளியேற்றினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரா உலர்த்தும் கொட்டிலில் அடைத்து, வாகனப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். நாயைக் கொன்றபோதே, திரும்பி வரலாம் என்ற நினைப்பையும் அந்தச் சனத்திடமிருந்து பறித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

1982இல் பிரித்தானியா 40 இலட்சம் பவுண் நட்டஈடு கொடுத்தது. கூடவே ஆங்கிலப் பத்திரமொன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். திரும்பிப் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது என்று பலருக்குப் பின்னர்தான் தெரிந்தது. 2025 மே மாதம் சாகோஸை மொரீசியஸிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதிலும் டியாகோ கார்சியா 99 வருடக் குத்தகைக்குப் பிரித்தானியாவிடமே. மீள்குடியேற்றத்துக்கு மற்றத் தீவுகள் மட்டுந்தான்.

இனி முல்லைத்தீவின் வட்டுவாகலுக்கு வருவோம். நந்திக்கடல் கடலோடு சேரும் அந்த இடத்தில், 2009 போர் முடிந்தபின் கடற்படையின் 'கோட்டாபய' முகாம் எழுந்தது. 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். அதில் பெரும்பங்கு சனத்தின் உறுதிக்காணி. அதைச் சுவீகரிக்க நில அளவையாளர்கள் வந்தபோதெல்லாம், 2017இலும் 2021இலும், காணிக்காரர் வாசலில் குந்தியிருந்து மறித்தார்கள். அளவீடு நின்றது.

பலர் இதை வெறும் ஆர்ப்பாட்டச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். அளந்து, வர்த்தமானியில் போட்டு, நட்டஈடும் எழுதிவிட்டால் அந்தக் காணியை மீட்க எத்தனை தலைமுறை போராட வேண்டும் என்பதற்குச் சாகோஸ் சனமே சாட்சி. அடுத்தமுறை அளவீட்டு அறிவித்தல் வந்தால், காணி இல்லாதவர்களும் வட்டுவாகலுக்குப் போய்க் காணிக்காரர் பக்கத்தில் நில்லுங்கள்.