குழைந்த சாதம் பொங்கலாகாது: விலங்காய்வில் வெளிப்படைத்தன்மை எப்படி இயங்குகிறது?

சாம்பார் செய்முறை ஒன்றைப் படிக்கிறோம். ‘பருப்பை வேகவிடவும், புளியைக் கரைத்து ஊற்றவும், உப்பு தேவையான அளவு.’ பருப்பு எத்தனை ஆழாக்கு, எத்தனை பேருக்கு என்ற விவரம் இல்லை. அதைப் பார்த்துச் செய்தது சரியாக வராவிட்டால், பிழை செய்முறையிலா, செய்த கையிலா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

விலங்குகளை வைத்து நடக்கும் ஆய்வுகள் பலவும் நெடுங்காலம் இப்படித்தான் எழுதப்பட்டன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுகளின் 271 கட்டுரைகளை அலசிய முடிவு 2009-இல் வெளிவந்தது. எதைச் சோதிக்கிறோம், எத்தனை விலங்குகள், எப்படிப்பட்டவை என்ற மூன்றையும் சொன்னவை 59 சதவீதம்தான். இந்தக் குறையைத் தீர்க்க வந்த நடைமுறைகளைத் திறந்த அறிவியல் என்கிறார்கள். அடுப்படியிலிருந்தே அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: அடுப்பு மூட்டும் முன்பே எழுதுவது

சாதம் குழைந்துவிட்டது. ‘பொங்கல்தான் வைக்க நினைத்தேன்’ என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? ஆய்விலும் வந்த முடிவுக்கு ஏற்பக் கேள்வியை மாற்றிக்கொள்ள இடமுண்டு. அதைத் தடுப்பது முன்பதிவு. கேள்வி என்ன, எத்தனை விலங்குகள், கணக்கை எப்படிப் போடுவோம் என்பதைச் சோதனைக்கு முன்பே தேதியுடன் பதிந்துவிட வேண்டும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டுக் கூட்டாட்சி நிறுவனம் இதற்கென ஒரு பதிவேட்டை 2019 முதல் நடத்துகிறது. திட்டத்தை யாரேனும் எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுபவர்கள் குறிப்பிட்ட காலம்வரை அதை மூடிவைக்கலாம். தேதி மட்டும் மாறாது.

இரண்டாம் படி: ருசி பார்ப்பவருக்குச் சொல்லாதிருப்பது

இரண்டு ரசத்தில் எது மேல் என்று கேட்கிறோம். எதை யார் வைத்தார் என்று தெரிந்துவிட்டால், நாக்கு உறவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். எந்தச் சுண்டெலிக்கு மருந்து, எதற்கு வெறும் கரைசல் என்பது அளவெடுப்பவருக்குத் தெரியக்கூடாது என்பது இதனால்தான். எந்த விலங்குக்கு எது என்பதையும் குலுக்கல் முறையில் முடிவுசெய்ய வேண்டும். கைக்கு முதலில் அகப்படுவதை மருந்துக் குழுவில் போட்டால், சுறுசுறுப்பு குறைந்தவையே அங்கே சேரும். அந்த 271 கட்டுரைகளில் 87 சதவீதம் குலுக்கலைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்றாம் படி: அளவோடு எழுதுவது

‘தேவையான அளவு’ என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. பிரிட்டனின் என்.சி.3.ஆர்.எஸ். என்ற அமைப்பு 2010-இல் ‘அரைவ்’ என்ற வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2020-இல் திருத்தியபோது, தவறாமல் சொல்ல வேண்டிய பத்து விஷயங்களை முன்னால் வைத்தது. ஊர்த் தண்ணீர் மாறினால் ரசத்தின் ருசி மாறுவதுபோல் ஆய்விலும் சிறு விவரங்கள் முடிவை மாற்றும். ஆண் ஆய்வாளரின் வாடை பட்டாலே எலிகளுக்குப் பதற்றம் கூடி, வலி உணர்வு மட்டுப்படுகிறது என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2014-இல் காட்டியது. எலியைக் கையாண்டவர் யார் என்பதுகூட எழுதப்பட வேண்டிய செய்திதான்.

நான்காம் படி: கெட்டுப்போனதையும் சொல்வது

மூல அளவீடுகளைப் பொதுவில் வைப்பதோடு, பலிக்காத சோதனைகளையும் வெளியிட வேண்டும். பக்கவாத சிகிச்சைக்கான விலங்காய்வுக் கட்டுரைகள் 525-ஐ 2010-இல் ஒரு குழு ஆராய்ந்தது. மூளைச் சேதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று சொன்னவை 2 சதவீதம் மட்டுமே. வெளிவராமல் போனவற்றையும் மதிப்பிட்டுச் சேர்த்ததும், சிகிச்சைகளின் சராசரிப் பலன் சுமார் 31 சதவீதத்திலிருந்து 24-ஆக இறங்கியது.

சமையலோடு ஒப்பிடுவது இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. கெட்ட சாம்பாரைக் கொட்டிவிட்டு வேறு வைக்கலாம். ஒரு பலிக்காத முடிவு அலமாரியில் கிடந்தால், அது தெரியாத இன்னொரு ஆய்வகம் அதே சோதனைக்கு இன்னும் பல உயிர்களைச் செலவழிக்கும். விலங்குக்கு மாற்று தேடுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள், வேதனையைத் தணியுங்கள் என்று விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் எழுதினார்கள். முன்பு என்ன நடந்தது என்றே தெரியாமல் எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது? வெளிப்படைத்தன்மை விஞ்ஞானியின் நேர்மைக்கான சான்று மட்டுமல்ல. அந்த உயிர்களுக்கு நாம் பட்ட கடன். ஆய்வுக்கு அனுமதி வழங்கும் ஒவ்வொரு நெறிமுறைக் குழுவும் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: திட்டத்தை எங்கே பதிந்தீர்கள்? பலிக்காவிட்டால் முடிவை எங்கே வெளியிடுவீர்கள்? பதில் இல்லையென்றால் அனுமதியும் இல்லை என்பதே நியாயம்.