'இயல்பான' மூச்சு யாருடையது?

உடலியங்கியல் என்பது அரசியலற்ற அறிவு என்றே நம்மில் பலரும் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். இலக்கியத்திலும் வரலாற்றிலும் அதிகாரம் எப்படிச் செயல்படுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதும் நண்பர்கள்கூட, 'நுரையீரல் நுரையீரல்தானே, அதுல என்ன அரசியல் இருக்கு?' என்று கேட்கிறார்கள். பல்கலைக்கழக உடலியங்கியல் துறை ஒன்றில் பல வருஷம் செய்முறை வகுப்பு எடுத்தவன் என்கிற முறையில், ஒரே ஒரு கருவியை முன்வைத்து இதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் கருவி ஸ்பைரோமீட்டர். மூச்சை முழுக்க இழுத்து, குழாயைச் சுற்றி உதட்டை இறுக்கி, 'ஊது, ஊது, இன்னும் ஊது, விடாதே' என்று பக்கத்தில் நிற்பவர் கத்தக் கத்தக் கடைசிவரை வெளியே விட வேண்டும். மொத்தம் எத்தனை லிட்டர் வந்தது, முதல் விநாடியில் எவ்வளவு வந்தது என்று இரண்டு எண்கள் கிடைக்கும். இதுவரை அளவீடு. சிக்கல் இதற்கப்புறம்தான். 3.1 லிட்டர் என்பது போதுமா, குறைவா? உடல் இதைச் சொல்லாது. ஒரு அட்டவணைதான் சொல்லும். அட்டவணை கேட்பது வயது, உயரம், பால். நெடுங்காலம் நான்காவதாக ஒன்றையும் கேட்டது: இனம்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு தொழிலாளிக்கு 'எதிர்பார்க்கப்படும்' அளவு 4 லிட்டர். அவர் ஊதியது 3.1. அதாவது 77.5 விழுக்காடு. 80க்குக் கீழே போனால் குறைபாடு என்பது பலகாலம் கையாளப்பட்ட எளிய விதி. ஆகவே இவர் நோயாளி. இப்போது, 'இந்த இனத்தாருக்கு நுரையீரல் சிறியது' என்று சொல்லி அட்டவணையில் 10 விழுக்காட்டைக் கழியுங்கள். எதிர்பார்ப்பு 3.6 ஆகிறது, அதே 3.1 லிட்டர் 86 விழுக்காடு ஆகிவிடுகிறது. ஆள் அதே ஆள், மூச்சு அதே மூச்சு. நோய் மட்டும் காணாமல் போய்விட்டது. கூடவே நஷ்டஈடும்.

இந்தக் கழித்தலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் 2000க்கும் மேற்பட்டோரை ஊதவைத்து, உயரத்துக்கும் மூச்சின் கொள்ளளவுக்கும் உள்ள உறவை நிறுவினார். ஆயுள் காப்பீட்டுக்கு ஆள் தேர்வதில் இக்கருவி பயன்படும் என்பது அவரது எதிர்பார்ப்பு. 1851இல் அமெரிக்கத் தெற்கின் மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பர்களின் மூச்சளவு ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று எழுதினார். கட்டாய உழைப்பே அவர்களுடைய ரத்தத்துக்கு நல்லது என்கிற வாதமும் கூடவே வந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகு, 1869இல் பெஞ்சமின் கூல்ட் உள்நாட்டுப் போர் வீரர்களின் அளவீடுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அந்த வித்தியாசம் புள்ளிவிவரமாகிவிட்டது. பின்பு அது 'இனத் திருத்தம்' என்ற பெயரில் கருவிக்குள்ளேயே குடியேறியது. 1999இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கொன்றில், கறுப்புத் தொழிலாளர்கள் நஷ்டஈடு பெற இன்னும் மோசமான மூச்சளவைக் காட்ட வேண்டும் என்று ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் வாதிட்டதும் இதன் தொடர்ச்சிதான்.

'அப்போ நமக்கு நாமே அட்டவணை போட்டுக்க வேண்டியதுதானே?' என்பார்கள். போட்டோம். இந்தியத் துறைகளில் நடந்த ஆராய்ச்சியில் கணிசமான பகுதி இதுதான். ஆனால் ஊதுவதற்கு யார் கிடைத்தார்கள்? பெரும்பாலும் எங்கள் மாணவர்களே. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பதினெட்டு வயதுக்காரர்களின் மூச்சு, தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கும் அளவுகோலாகிறது. சரி, ஊருக்குள் போய் அளந்தால்? பிள்ளைப் பிராயத்துப் பட்டினியும் விறகடுப்புப் புகையும் சேர்ந்து சுருக்கிய நுரையீரல்களின் சராசரி, 'இந்திய இயல்பு' என்று அச்சாகும். வறுமை செய்த சேதம் இயற்கையின் பெயரால் மன்னிக்கப்படுகிறது. ஐரோப்பிய அட்டவணையை வைத்தால் நாம் எல்லோரும் நோயாளிகள். நம் அட்டவணையை வைத்தால் யாருமே நோயாளியில்லை.

சராசரியின் மீதான சந்தேகம் இத்துறைக்கு உள்ளேயே பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பல நாட்டினரும் வந்துபோகும் ரயில் நிலையக் கழிப்பிடத்தில் சிறுநீர் சேகரித்து, 'ஐரோப்பியச் சராசரிச் சிறுநீரை' ஆராய்ந்துவிட்டதாக நம்பிய ஒரு உடலியங்கியலாளரை 1865இலேயே க்ளோத் பெர்னார் கேலி செய்திருக்கிறார். பின்னாளில் ஃபூக்கோவின் ஆய்வேட்டை மதிப்பிட்டவரான ழார்ழ் காங்கியெம், 1943இல் எழுதிய தமது மருத்துவ ஆய்வேட்டில் இன்னும் ஆழமாகப் போகிறார். இயல்பு என்பது எண்ணிக் கண்டுபிடிக்கிற உண்மை அல்ல, அது ஒரு மதிப்பு என்கிறார். தன் சூழலில் புதிய நெருக்கடி வந்தால் புதிய நெறிகளை உருவாக்கிச் சமாளிக்கும் திறனே ஆரோக்கியம். சராசரி இதைச் சொல்லாது.

2022இல் இனம் கேட்காத உலகப் பொது அட்டவணை ஒன்று உருவானது. 2023இல் அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் அதைப் பரிந்துரைத்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனாலும் அதுவும் ஒரு சராசரியே.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, பழைய வழிதான். பஞ்சாலைத் தொழிலாளிக்கு வரும் பிசினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சு அதிகமாக இறுகும். அன்றைக்கு ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை ஊதச்சொல்லுங்கள். முதல் விநாடி அளவு எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். வருஷா வருஷம் இதையே குறித்து வையுங்கள். இங்கே தொழிலாளி ஒப்பிடப்படுவது தன்னோடேதான். இனமும் வேண்டாம், எங்கள் மாணவர்களின் மூச்சும் வேண்டாம். இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் சட்டப் பட்டியலில் பிசினோசிஸ் உண்டு. நிரூபிக்கத்தான் காகிதம் வேண்டும்.

ஆகவே சங்கத்துத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். மருத்துவ அறிக்கையில் 'இயல்பு' என்று எழுதியிருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த அட்டவணை, யாரை அளந்து போட்டது, எத்தனை விழுக்காடு கழித்தீர்கள் என்று கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த அளவைக் கேட்டு வாங்குங்கள். அப்படியொன்று எடுக்கப்படவே இல்லையென்றால், அதை எடுக்கச் செய்வதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.