உப்பைக் காக்கும் ஹார்மோனும் தடிக்கும் இதயமும்

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருபவரின் உடலிலிருந்து, வெயில் ஏற ஏற, நீரும் உப்பும் வியர்வையாக வெளியேறுகின்றன. ரத்தத்தின் அளவு சற்றுக் குறைந்தாலும் சிறுநீரகம் உணர்ந்துகொள்கிறது. அங்குள்ள நுண்தமனிச் சுவரின் செல்கள் ரெனின் என்ற நொதியை ரத்தத்தில் விடுகின்றன. கல்லீரலிலிருந்து வந்த ஒரு புரதத்தை ரெனின் வெட்டுகிறது. நுரையீரல் ரத்தக் குழாய்களில் இருக்கும் ஏ.சி.இ. என்ற நொதி அதை மேலும் நறுக்குகிறது. மிஞ்சுவது எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2. அது ரத்தக் குழாய்களை இறுக்கும்; அட்ரீனல் சுரப்பியை ஏவி ஆல்டோஸ்டீரோனையும் சுரக்க வைக்கும். சிறுநீரோடு போகவிருந்த உப்பை மீட்பது ஆல்டோஸ்டீரோனின் வேலை. கண்ணுக்கெட்டிய தூரம் உப்புக் குவியல். உடலுக்குள்ளோ ஒரு சிட்டிகையும் வீணாகாமல் பிடித்துவைக்கும் பாடு.

ரெனினை 1898-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டறிந்தார்கள். நாற்பது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உணவில் உப்பு தாராளமாக இருக்கும்போது ரெனின் அடங்கியிருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேரும் சாப்பாட்டில் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். ஆனாலும் ரத்தக் கொதிப்பு உள்ள பலரிடம் இந்த ஹார்மோன் வரிசை போதிய அளவு அடங்குவதில்லை. ஆபத்துக்கென்று அமைந்த ஏற்பாடு அன்றாட வழக்கமாகிவிடுகிறது. அதன் விலையைக் கொடுப்பது இதயத் தசை.

கொதிப்பு ஏறினால் இதயம் அதிக எதிர்ப்பைத் தள்ள வேண்டியிருக்கிறது, அதனால் தடிக்கிறது என்பது பாதி உண்மைதான். இதயத் தசைச் செல்லின் மேற்பரப்பிலேயே ஆஞ்சியோடென்சின்-2 வந்து பொருந்தும் ஏற்பிகள் உள்ளன. அது பொருந்தியதும் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியைத் தட்டி எழுப்ப, அந்தச் செய்தி உட்கருவரை போய், கருவிலிருந்த காலத்தில் வேலை செய்துவிட்டு ஓய்ந்திருந்த மரபணுக்கள் மறுபடி விழித்துக்கொள்கின்றன. வளர்ந்த இதயத்தின் தசைச் செல்கள் அநேகமாகப் பெருகுவதில்லை. இருபத்தைந்து வயதில்கூட ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுதான் புதிதாகிறது. எனவே இருக்கும் செல்லே சுருங்கும் இழைகளைப் பக்கவாட்டில் அடுக்கி அடுக்கிப் பருமனாகிறது. வெறுமனே இழுத்து நீட்டப்பட்டாலே இதயச் செல் தானாக ஆஞ்சியோடென்சினை வெளியிடும் என்பதை 1993-இல் சடோஷிமாவும் இசுமோவும் வளர்ப்புத் தட்டில் வைத்த செல்களில் காட்டினார்கள். அழுத்தமும் ஹார்மோனும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன.

செல்களுக்கு இடையே ஆல்டோஸ்டீரோனின் பங்கு சேர்கிறது. நார்த்திசுச் செல்கள் கொலாஜனைக் கொட்ட, தசை விறைக்கிறது. விறைத்த இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் சரியாக விரியாது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது பல நேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உழைத்துத் திரண்ட புஜத்தோடு இதை ஒப்பிடுவது தவறு.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, எங்கே ஈ.சி.ஜி. எடுத்தாலும் தடித்த இதயத்தின் சாயல் தாளில் தெரிய வாய்ப்புண்டு: முதல் மார்பு மின்வாயில் கீழிறங்கும் அலையையும் ஐந்தாவதில் மேலெழும் அலையையும் கூட்டினால் 35 சிறு கட்டங்களை எட்டும். இப்படித் தடித்த இதயமுள்ள 9,193 பேரிடம் நடந்த லைஃப் ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஆஞ்சியோடென்சின் ஏற்பியை அடைக்கும் லோசார்டன், மற்றவர்களுக்கு அடினோலால் என்ற வேறு வகைக் கொதிப்பு மாத்திரை. இரண்டும் கொதிப்பை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் இறக்கின. ஆனால் லோசார்டன் எடுத்தவர்களிடம் இதயத் தடிப்பு கூடுதலாக வடிந்தது. பக்கவாதமும் கால் பங்கு குறைந்தது. ஹார்மோனுக்குத் தனிக் கணக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதயமும் வாளாவிருப்பதில்லை. எலியின் மேலறைத் தசைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியதும் சிறுநீரில் உப்பு பல மடங்கு வெளியேறியதை 1981-இல் கனடாவில் டி போல்ட் கண்டார். அந்தச் சாற்றில் இருந்தது ஆல்டோஸ்டீரோனுக்கு நேர் எதிரான, இதயத்தின் சொந்த ஹார்மோன். இதயச் செயலிழப்பைக் கண்டறிய இன்று எடுக்கும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனை அதே குடும்பத்து ஹார்மோனைத்தான் அளக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எனலாப்ரில், லோசார்டன் வகை மாத்திரைகள் இந்த ஹார்மோன் வரிசையைத் தடுப்பவை. கொதிப்பு சரியாகிவிட்டது என்று அவற்றைத் தாமாக நிறுத்துபவரின் இதயச் செல்லுக்கு ஆஞ்சியோடென்சினின் பழைய ஏவல் மறுபடி போய்ச் சேர்கிறது. உப்பளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அக்கினி நட்சத்திர வெயிலில் நீர் வற்றிய உடலுக்கு ரெனினும் ஆஞ்சியோடென்சினும் உண்மையிலேயே தேவைப்படுகின்றன. மாத்திரையோ அவற்றைக் கட்டிப்போட்டிருக்கிறது. குனிந்து உப்பு வாரியவர் நிமிரும்போது கிறுகிறுப்பு வரலாம், சிறுநீரகமும் அடிபடலாம். கோடையில் சில நேரம் இந்த மாத்திரைகளின் அளவை மருத்துவர் திருத்தி எழுதுவது அதற்காகத்தான்.