சமவெளியில் சைக்கிள்: கோயில்தோறும் இறங்குங்கள்

காவிரி டெல்டாவில் சைக்கிள் ஓட்டுவது சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மலை கிடையாது, மேடு கிடையாது. ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் சரிவுதான் இருப்பதிலேயே பெரிய ஏற்றம். ஆனால் மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு ஏற்றம் முடிந்ததும் இறக்கம் உண்டு. அங்கே கால் ஓய்கிறது, எழுந்து நின்று இடுப்பை நிமிர்த்திக்கொள்ள முடிகிறது. சமவெளியில் அந்தச் சலுகை இல்லை. மிதித்தால்தான் வண்டி நகரும். ஒரே குனிவு, ஒரே பிடி, ஒரே தசைகளுக்கு வேலை. பல வருஷம் கழித்து சைக்கிளைத் தூசி தட்டி எடுப்பவர்கள் முழங்கால் வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்று சொன்னால், எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்பதைவிட, நடுவில் எத்தனை தடவை இறங்கினீர்கள் என்று கேட்பது நல்லது.

இறங்குவதற்குக் கும்பகோணம் வட்டாரத்தைப் போல வசதியான இடம் அமைவது அரிது. தாராசுரம், பட்டீஸ்வரம், திருவலஞ்சுழி, சுவாமிமலை எல்லாம் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு சுற்று சுற்றி வந்தாலும் 25 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். நிறுத்தி, செருப்பைக் கழற்றி, பிராகாரத்தை வலம் வந்து திரும்ப அரைமணியாவது ஆகும். உடலுக்கு வேண்டியது அந்த அரைமணிதான்.

மூட்டுக்கு நல்லது, எலும்புக்குப் போதாது

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதமான என்பதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதம். பேச்சே திக்கினால் வேகத்தைக் குறையுங்கள். ஏற்ற இறக்கமில்லாத சாலையில் இந்த அளவை நெடுநேரம் ஒரே சீராகப் பிடித்துக்கொள்ள முடியும். உழைப்புப் பழக்கம் விட்டுப்போன இதயத்துக்குச் சமவெளியின் பெரிய அனுகூலம் இது.

உடல் எடையில் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்வதால் ஓடுவதைவிட, வேகமாக நடப்பதைவிட, முழங்காலுக்குப் பாரம் குறைவு. பருமனானவர்களுக்கும் மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கும் மருத்துவர்கள் சைக்கிளைப் பரிந்துரைப்பது அதனால்தான். அதே காரணத்தால் ஒரு குறையும் உண்டு. எலும்பு உறுதியாக வேண்டுமானால் அதன் மேல் எடை இறங்க வேண்டும். சைக்கிளை மட்டுமே நம்பினால் அது நடப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோயில்தோறும் இறங்கி நடப்பதும், சுவாமிமலையில் தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகளை ஏறுவதும் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். தொடை ஏற்கெனவே களைத்திருக்கும் என்பதால், படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

சீட்டை உயர்த்துங்கள்

வாடகை சைக்கிளும் சரி, வீட்டுச் சைக்கிளும் சரி, நம் ஊரில் சீட் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்ற பயம்தான் காரணம். முழங்காலின் முன்புறம் வலிப்பதற்கு இது ஒன்றே போதும். சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடியில் கொண்டுவந்து, குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்தே இருக்கும். அளவு அவ்வளவுதான். முழங்காலின் பின்பக்கம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ, உயரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், ஹேண்டில்பாரில் உள்ளங்கையை ஊன்றி மணிக்கட்டு வழியே ஓடும் நரம்பை அழுத்துகிறீர்கள். முழங்கையைத் தளர்த்திப் பிடியை அடிக்கடி மாற்றுங்கள். கால்களுக்கிடையில் மரத்துப்போவதை ஆண்கள் வெளியில் சொல்வதில்லை. சொல்லாமலே தொடர்ந்து ஓட்டுவது தப்பு. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் நின்று ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

காற்று எந்தப் பக்கம்?

வெட்டவெளியில் மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. எதிர்காற்றோடு மல்லுக்கட்டி வேகத்தைக் காப்பாற்ற நினைப்பதால்தான் முதல் நாளே தொடை இறுகிவிடுகிறது. தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வீசும். ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று சைக்கிளையே சாய்க்கும். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வழியை வைத்துக்கொள்ளுங்கள். களைத்த காலுக்குத் திரும்பும் வழி லேசாக இருக்கட்டும்.

தாராசுரத்தில் அவசரம் வேண்டாம்

கும்பகோணத்திலிருந்து தாராசுரம் நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோயில் கண்ணில் பட்டதும் வேகமாக மிதித்துப் போய்ச் சடாரென்று இறங்கி அண்ணாந்து விமானத்தைப் பார்க்காதீர்கள். ஓடிக்கொண்டிருந்த கால் திடீரென நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கித் தலை கிறுகிறுக்கும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள், இறங்கியதும் கொஞ்சம் நடங்கள். பிறகு அண்ணாந்து பார்க்கலாம்.

இந்தக் கோயிலை நின்று மட்டும் பார்க்க முடியாது. கருவறையின் வெளிச்சுவரில், கீழ்வரிசையில், அறுபத்துமூவர் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக ஓடுகின்றன. குந்தி உட்கார்ந்தால்தான் முகம் தெரியும். முன்மண்டபத்தில் கல் குதிரைகள் கல் சக்கரத்தை இழுக்கின்றன. அதைப் பக்கவாட்டில் நகர்ந்து பார்க்க வேண்டும். ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தை ஒரு கையால் யானை உடலை மறைத்துப் பார்த்தால் காளை, காளை உடலை மறைத்தால் யானை. குந்தி, எழுந்து, திரும்பி, அண்ணாந்து இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள், சைக்கிளில் குனிந்தே இருந்த முதுகும் இடுப்பும் தாமாகவே நிமிர்ந்துவிடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை விடச் சுவாரசியமானது இது.

வெயிலில் கொதிக்கும் கல்தளம்

சர்க்கரை நோயாளிகள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். நடுப்பகல் வெயிலில் கோயில் கல்தளம் பாதத்தைக் கொப்பளிக்க வைக்கும் அளவுக்குச் சுடும். மற்றவர்கள் துள்ளி ஓடி நிழலுக்குப் போய்விடுவார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது; நிதானமாக வலம் வந்து முடித்து, வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அது புண்ணாகி ஆறாமல் இழுத்தடித்தால் விரலையே இழக்க நேரிடலாம். காலை ஒன்பதரை பத்துக்குள் பிராகாரச் சுற்றை முடித்துவிடுங்கள். நார்விரிப்பு போட்டிருந்தால் அதை விட்டு விலகாதீர்கள். ஒரு ஜோடி கெட்டியான பருத்திக் காலுறை பையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கிறார்கள். அது வெயிலுக்கும் தோதான ஏற்பாடு. அந்த நேரத்தில் நீங்களும் சைக்கிளைத் தொடாதீர்கள்.

தண்ணீர், உப்பு, சர்க்கரை

ஓட்டும்போது காற்று பட்டு வியர்வை உலர்ந்துவிடுவதால், உடலிலிருந்து எவ்வளவு நீர் போகிறது என்று தெரிவதில்லை. நிறுத்திய பிறகுதான் சட்டை நனைகிறது. வயதானவர்களுக்குத் தாகமும் தாமதமாகவே எடுக்கும். எனவே தாகத்துக்குக் காத்திராமல் கால்மணிக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். உப்பு போட்ட மோர் அருமையான பானம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்புச்சத்து குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். டிகிரி காபியை விடச் சொல்லவில்லை. அளவோடு குடித்தால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சட்டைப் பையில் சர்க்கரை வைத்திருக்க வேண்டும். கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால்மணி உட்காருங்கள். கூட வருகிறவர் வெயிலில் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெறும் களைப்பல்ல. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குப் பேசுங்கள். நெஞ்சு இறுக்கம் வந்தாலும் அதே எண்தான்.

சாலையில் நெல்லும் நாயும்

அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வைக்கோல் செயினில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல். நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

எதில் தொடங்கலாம்?

கங்கைகொண்ட சோழபுரத்தில் தொடங்க வேண்டாம். கும்பகோணத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போக ஏறக்குறைய 35 கிலோமீட்டர். திரும்பவும் அதே தூரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் ஆயிரம் வருஷமாக அங்கேதான் நிற்கிறது, உங்களுக்காக இன்னும் இரண்டு மாதம் நிற்கும். முதல் இரண்டு வாரம் தாராசுரம் மட்டும் போய் வாருங்கள். மறுநாள் காலையில் முழங்காலில் வலி இல்லையென்றால் பட்டீஸ்வரம் வரை நீட்டலாம். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு அதையடுத்த பழையாறையைச் சொல்ல வேண்டியதில்லை. இதய நோய் உள்ளவர்களும், நெடுநாள் உடலுழைப்பே இல்லாதிருந்து நாற்பதைக் கடந்தவர்களும், புறப்படுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.