ஏற்றிவிடும் வண்டி, இறக்கிவிடுமா? பனிச்சாலையும் நான்கு சக்கர இழுவையும்

டிசம்பர், ஜனவரியில் மணாலி போகத் திட்டம் போடுகிற நண்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஃபோர் பை ஃபோர் வண்டி எடுத்துட்டா போதும்தானே?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. பனி கொட்டுகிற நாட்களில் மணாலிக்கு மேலே, சோலாங் பக்கம் போலீஸ் வண்டிகளை நிறுத்திவிட்டு, பல நேரங்களில் ஃபோர் பை ஃபோர்களை மட்டும்தான் மேலே விடுகிறார்கள். அப்போ அந்த வண்டிதான் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு.

அந்த நினைப்பில் பாதி சரி, பாதி ஆபத்து. எந்தப் பாதி எது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

முதலில் இடத்தைப் பற்றி. 2020 அக்டோபர் 3-ம் தேதி அடல் சுரங்கப்பாதை திறக்கும் வரை, லாஹௌல் பக்கம் போக 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதங் கணவாயைத் தாண்ட வேண்டும். குளிர்காலம் முழுக்க அது மூடிக்கிடக்கும். சுற்றுலாப் பயணி பனியில் வண்டி ஓட்டும் பேச்சே இல்லை. 9.02 கி.மீ. சுரங்கம் வந்தபிறகு குளிர்காலத்திலும் சிஸ்ஸு வரை போய்வர முடிகிறது. ஆனால் மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுரங்கத்தின் தெற்கு வாய் 3,060 மீட்டரில். நடுவே ஏறத்தாழ 25 கி.மீ. அதாவது 1,000 மீட்டர் ஏறி, அதே 1,000 மீட்டரைத் திரும்ப இறங்க வேண்டும்.

இப்போது கணக்கு. டயர் சாலையை எவ்வளவு பிடிக்கும் என்பதை உராய்வுக் கெழு சொல்கிறது. காய்ந்த தார்ச் சாலையில் அது ஏறக்குறைய 0.7. வண்டிகள் அழுத்தி இறுகிப்போன பனியில் 0.2. ஐஸில் 0.1 அல்லது அதற்கும் கீழே.

1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே 100 மீட்டருக்கு 15 மீட்டர் உயரும் மேடு. அதில் ஏற, வண்டி எடையில் 15 சதவீதம், அதாவது 225 கிலோ அளவு இழுவிசை வேண்டும். முன்சக்கரம் மட்டும் இழுக்கிற காரில் முன்னால் இருக்கும் எடை சுமார் 900 கிலோ. பனியில் அதற்குக் கிடைக்கும் பிடி 0.2 மடங்கு, 180 கிலோ. போதாது. சக்கரம் சுற்றும், வண்டி நகராது. நான்கு சக்கரமும் இழுத்தால் 1,500 கிலோ முழுவதும் வேலைக்கு வருகிறது: 300 கிலோ. ஏறிவிடும். ஃபோர் பை ஃபோரின் பெருமை முழுக்க இந்த ஒரு வரிக் கணக்குதான்.

சரி, ஏறியாச்சு. அதே மேட்டில் இறங்கும்போது பிரேக் பிடிக்கிறோம். இங்கேதான் விஷயம் இருக்கிறது: பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. சாதாரண காருக்கும் 300 கிலோ பிடிதான், ஃபோர் பை ஃபோருக்கும் அதே 300தான். அதில் 225 சரிவு இழுப்பதை ஈடுகட்டவே போய்விடும். மிச்சம் 75. சமதளப் பனியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி சுமார் 18 மீட்டரில் நிற்கும். இந்தச் சரிவில் அதே வேகத்தில் வந்தால் சுமார் 70 மீட்டர் ஆகும். மலைப்பாதையில் 70 மீட்டருக்குள் ஒரு கொண்டை ஊசி வளைவே வந்துவிடும்.

அந்தப் பனி ஐஸாக மாறினால்? பிடி 150 கிலோ, தேவை 225. சக்கரம் நின்றிருந்தாலும் வண்டி சறுக்கிக்கொண்டே போகும். ஏபிஎஸ் இருந்தாலும் இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது. மதியம் வெயிலில் இளகிய பனி, சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். காலையில் ஏறிய அதே சாலை, மாலையில் வேறு சாலை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். சாதாரண கார் மேட்டில் திணறி நிற்பது ஒரு எச்சரிக்கை. "இங்கே பிடி இல்லை, மேலே வராதே" என்று அது சொல்லிவிடுகிறது. ஃபோர் பை ஃபோர் அந்த எச்சரிக்கையை நமக்குக் கேட்காமல் செய்துவிடுகிறது. நிற்க முடியாத இடத்துக்கு நம்மைச் சுகமாகக் கொண்டுபோய் விட்டுவிடும்.

வளைவிலும் இதே கதை. திரும்புவதற்கான பிடியைத் தருவது டயர்தான், என்ஜின் எத்தனை சக்கரத்தைச் சுற்றுகிறது என்பது இல்லை.

அப்போ இறக்கத்தில் நான்கு சக்கர இழுவையால் பயனே இல்லையா? ஒன்று உண்டு. தாழ்ந்த கியரில் இறங்கும்போது என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். சாதாரண காரில் அந்தப் பிடிப்பு இரண்டு சக்கரத்துக்கு மட்டும் போகும், ஃபோர் பை ஃபோரில் நான்குக்கும் பகிர்ந்து போகும். அதனால் நடை வேகத்தில் சீராக இறங்கலாம். தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் இருக்கும் 4எல் இதற்குத்தான் கைகொடுக்கும். ஆனால் முதலிலிருந்தே மெதுவாக இருந்தால்தான். வேகம் பிடித்த பிறகு அது காப்பாற்றாது.

இந்த வகை வண்டிகளில் இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 4ஹெச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வளைவில் இரண்டும் ஒரே தூரம் போவதில்லை. பனியில் டயர் லேசாக வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லாமல் பற்சக்கரங்கள் முறுக்கேறும், ஸ்டியரிங் இறுகும். அதனால் பனி முடிந்து நல்ல சாலை வந்ததும் 2ஹெச்சுக்கு மாறிவிட வேண்டும்.

பிடியை உண்மையில் கூட்டுவது டயரும் சங்கிலியும். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மெத்தென்று இருக்கும், மேலே நுண்ணிய வெட்டுகளும் அதிகம். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்டிருந்தால் அது பனியில் சோதித்த டயர். வெறும் எம்+எஸ் எழுத்து அந்த உத்தரவாதத்தைத் தராது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். கார் ஃபோர் பை ஃபோராக இருந்தாலும் விலக்கு கிடையாது. காரணம் மேலே போட்ட கணக்குதான்.

ஆகவே வண்டி பேசும்போது "ஃபோர் பை ஃபோரா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். டயரில் பள்ளம் எவ்வளவு மிச்சம், சங்கிலி இருக்கிறதா, ஓட்டுநருக்கு அதை மாட்டத் தெரியுமா என்றும் கேளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுகிற மாதிரி கிளம்புங்கள். ஓட்டுநர் "இன்னைக்கு வேண்டாம் சார்" என்றால் வற்புறுத்தாதீர்கள்.