போத்தல் தண்ணீரால் நோய் வந்தால்... குற்றத்தை நிரூபிப்பது யார்?

ஜொகூர் மக்களுக்குக் குழாயில் தண்ணீர் நின்றுபோவது புதிய அனுபவம் அல்ல. 2019-ஆம் ஆண்டில் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் ஆற்று நீரில் அம்மோனியா அளவு உயர்ந்ததால், குடிநீர் விநியோகம் பலமுறை தடைபட்டது. அப்படிப்பட்ட நாட்களில் நாம் செய்யும் முதல் காரியம், மளிகைக் கடைக்கு ஓடிப்போய்ப் பெட்டி பெட்டியாகப் போத்தல் தண்ணீர் வாங்கி வருவதுதான். குழந்தைக்குப் பால் கலக்கவும் அந்தத் தண்ணீர்தான், பாட்டி மாத்திரை விழுங்கவும் அதே தண்ணீர்தான். மூடி முத்திரையோடு இருக்கிறது, தண்ணீர் கண்ணாடிபோல் தெரிகிறது; அதற்குமேல் நாம் எதையும் கேட்பதில்லை.

சரி, அந்தத் தண்ணீரைக் குடித்தே ஒருவருக்கு நோய் வந்துவிட்டால்? வழக்குப் போட முடியுமா? போட்டால் எதை நிரூபிக்க வேண்டும்? இது சட்டக் கேள்வி மட்டுமல்ல. பெரும்பகுதி அறிவியல் கேள்வி.

நத்தையில் தொடங்கிய சட்டம்

1928-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஓர் உணவுக் கடை. ஒரு பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சி பானம் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தார். கருநிறப் போத்தல், உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்தபின் மீதியை ஊற்றியபோது, அழுகிய நத்தை ஒன்று வெளியே வந்து விழுந்தது என்பது அந்தப் பெண்ணின் புகார். வயிற்றுக் கோளாறும் அதிர்ச்சியும் ஏற்பட்டதாக அவர் வழக்குத் தொடுத்தார்.

சிக்கல் என்னவென்றால், பானத்துக்குக் காசு கொடுத்தவர் தோழி. எனவே குடித்தவருக்கும் கடைக்காரருக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் இல்லை; தயாரிப்பாளரோடும் இல்லை. அக்காலச் சட்டப்படி வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1932-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் வேறு முடிவுக்கு வந்தது. இடையில் யாரும் திறந்து சோதிக்க முடியாதபடி மூடி முத்திரையிட்டு ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்புகிறவர், அதை இறுதியில் பயன்படுத்துபவருக்குக் கவனத்தோடு நடந்துகொள்ளும் கடமை உள்ளவர் என்றது தீர்ப்பு. 'டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன்' என்ற இந்த வழக்கு, பிரிட்டிஷ் சட்ட மரபைப் பின்பற்றும் மலேசியா உட்படப் பல நாடுகளில் கவனக்குறைவுச் சட்டத்தின் அடித்தளம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் போத்தலில் உண்மையிலேயே நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. சாட்சி விசாரணைக்குப் போகுமுன் வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. கடமை என்ன என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. நடந்தது என்ன என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. இன்றைய போத்தல் தண்ணீர் வழக்குகளில் மிகக் கடினமான பகுதியும் அந்த இரண்டாவது கேள்விதான்.

கண்ணுக்குத் தெரியாத நத்தை

நத்தையாவது கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் கலக்கும் பெரும்பாலான கேடுகள் தெரிவதில்லை. பல சமயம் மணமும் இல்லை, சுவையும் இல்லை.

முதல் வகை கிருமிகள். 'சூடோமோனாஸ் ஏருஜினோசா' என்ற பாக்டீரியா, உணவுச் சத்து மிகக் குறைவாக உள்ள சுத்தமான நீரிலும் பெருகக் கூடியது. குழாய்களின் உட்புறத்திலும், திரும்பத் திரும்ப நிரப்பப்படும் பெரிய போத்தல்களின் சுவரிலும் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆரோக்கியமானவர்களை அது பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்து.

இரண்டாம் வகை, சுத்திகரிப்பின்போதே உருவாகும் இரசாயனங்கள். 2004-ஆம் ஆண்டு மார்ச்சில் பிரிட்டனில் கொக்கா-கோலா நிறுவனம் தனது 'டசானி' தண்ணீர்ப் போத்தல்களில் சுமார் 5 இலட்சத்தைத் திரும்பப் பெற்றது. சுவைக்காகவும் விதிமுறைக்காகவும் சேர்க்கப்பட்ட கால்சியம் குளோரைடில் புரோமைடு கலந்திருந்தது. கிருமிகளைக் கொல்ல ஓசோன் வாயுவைச் செலுத்தியபோது, அது புரோமைடைப் 'புரோமேட்' ஆக மாற்றிவிட்டது. நீண்டகாலம் உட்கொண்டால் புற்றுநோய் அபாயத்தை உயர்த்தலாம் என்று கருதப்படும் பொருள் இது. அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சில போத்தல்களில் அது 22 வரை இருந்தது. தண்ணீரைத் தூய்மையாக்கும் முயற்சியே அதைக் கெடுத்துவிட்டது.

லாஸ் வேகாஸ் வழக்கு

இத்தகைய வழக்குகளில் அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்பட்டது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நடந்தது. 'ரியல் வாட்டர்' என்ற நிறுவனம் காரத்தன்மை கொண்ட தண்ணீர், உடலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்து விற்றுவந்தது. 2020 நவம்பரில் லாஸ் வேகாஸ் வட்டாரத்தில் 5 குழந்தைகளுக்குத் திடீரெனக் கடுமையான கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது. வழக்கமான கல்லீரல் அழற்சி வைரஸ்கள் எதுவும் காரணம் அல்ல என்று சோதனைகள் காட்டின.

பிறகு எப்படிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்? துப்பறிவது போலத்தான். சுகாதார அதிகாரிகள் நோயுற்றோர் குடும்பங்களிடம் என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள், எங்கே போனீர்கள் என்று கேட்டுப் பட்டியல் போட்டார்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாகக் கிடைத்த ஒரே இணைப்பு அந்தத் தண்ணீர். 2021 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. பொருள் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

பின்னர் தொடுக்கப்பட்ட வழக்குகளில், தண்ணீரில் 'ஹைட்ரசின்' இருந்தது என்று வாதிகள் தரப்பு சோதனை முடிவுகளை முன்வைத்தது. ஹைட்ரசின், ராக்கெட் எரிபொருளில் பயன்படும் நச்சுப் பொருள். கல்லீரலைத் தாக்கக் கூடியது. எங்கள் தண்ணீரில் ஹைட்ரசின் இருப்பதே எங்களுக்குத் தெரியாது, அதைச் சோதிக்க வேண்டும் என்றும் தெரியாது என்பது நிறுவனத் தரப்பின் வாதம். நடுவர் குழு அதை ஏற்கவில்லை. 2023 அக்டோபரில், இறந்துபோன 69 வயது மாதின் குடும்பத்தார், பாதிக்கப்பட்ட 7 மாதக் குழந்தை உள்ளிட்டோருக்கு 228 மில்லியன் டாலருக்கும் அதிகமான இழப்பீட்டை அறிவித்தது. அதில் பெரும்பகுதி தண்டனையாக விதிக்கப்பட்ட தொகை.

மூன்று கண்ணிகள்

இந்த வழக்கிலிருந்து ஒரு சங்கிலியைப் புரிந்துகொள்ளலாம். அதற்கு மூன்று கண்ணிகள். பொருளில் குறை இருந்தது. மனிதருக்குப் பாதிப்பு ஏற்பட்டது. அந்தக் குறையால்தான் இந்தப் பாதிப்பு வந்தது. முதல் இரண்டை ஆய்வகமும் மருத்துவமனையும் சொல்லிவிடும். அடிக்கடி அறுந்துபோவது மூன்றாவது கண்ணிதான்.

ஏன்? வயிற்றுப்போக்கு வந்தால் நாம் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் குறை சொல்வோம். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ்-ஏ வைரஸ் உடலுக்குள் நுழைந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாள் வரை ஆகும். சராசரியாக 4 வாரம். நான்கு வாரத்துக்கு முன் எந்தக் கடையில் எந்தப் போத்தல் வாங்கினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? தனி ஒருவர் நோயுற்றால் தற்செயலா தண்ணீரா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒரே தண்ணீரைக் குடித்த பல குடும்பங்களில் ஒரே நோய் வரும்போதுதான் இணைப்பு தெளிவாகிறது.

மூன்று கண்ணிகளும் சேர்ந்துவிட்டாலும் வெற்றி உறுதியில்லை. கனடாவில் ஒருவர், 2001-இல் வீட்டுக்கு வந்த திறக்கப்படாத தண்ணீர்ப் போத்தலுக்குள் செத்த ஈயைப் பார்த்தார். அவர் குடிக்கவே இல்லை. ஆனால் அந்தக் காட்சி அவரைக் கடும் மனச்சோர்வில் தள்ளியது. விசாரணை நீதிமன்றம் 3 இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டில் அது நீக்கப்பட்டது. 2008-இல் கனடிய உச்ச நீதிமன்றமும் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது, மனநோயும் உண்மை, அது ஈயால் வந்ததும் உண்மை. ஆனால் சாதாரண மனவுறுதி உள்ள ஒருவருக்கு இவ்வளவு பெரிய பாதிப்பு வரும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதி இந்த விவகாரத்தைக் கையாள்கிறது. ஒரு பொருளிடம் மக்கள் பொதுவாக எதிர்பார்க்க உரிமையுள்ள பாதுகாப்பு அதில் இல்லையென்றால், அது குறையுள்ள பொருள். இதில் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தயாரிப்பாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைக்குள் என்ன நடந்தது என்பது வெளியே இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்? குறை, பாதிப்பு, இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றைக் காட்டினால் போதும்.

தயாரித்தவர் மட்டுமல்ல, தன் பெயரைப் போத்தலில் ஒட்டி விற்பவரும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவரும் பொறுப்பாளிகளே. தயாரிப்பாளர் யார் என்று கேட்டும் நியாயமான காலத்துக்குள் சொல்லாத கடைக்காரரும் பொறுப்பேற்க நேரிடலாம். 'எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டு இதிலிருந்து தப்ப முடியாது.

தயாரிப்பாளருக்கும் தற்காப்பு உண்டு. பொருள் தன் கையை விட்டுப் போனபோது குறை இல்லை என்று காட்டலாம். அக்கால அறிவியல் அறிவைக் கொண்டு குறையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்றும் வாதாடலாம். ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டியவர் அவரே.

போத்தலைத் தூக்கி எறியாதீர்கள்

தண்ணீரின் நிறமோ மணமோ மாறியிருந்தால், அல்லது குடித்தபின் வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றால், நம் கை தானாகவே செய்யும் காரியம் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போத்தலை வீசுவது. அங்கேயே சான்று அழிந்துவிடுகிறது.

மாறாக, போத்தலை மூடியோடு குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அதே பெட்டியில் திறக்காத போத்தல் இருந்தால் அது தங்கத்துக்குச் சமம். திறந்த போத்தலில் கிருமி இருந்தால், உங்கள் வீட்டில் நுழைந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். முத்திரை உடையாத போத்தலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. தொகுதி எண், காலாவதித் தேதி, சுகாதார அமைச்சின் உரிம எண் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவரிடம் தண்ணீரைப் பற்றியும் சொல்லி, அதை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யுங்கள்.

அந்தப் புகார் இழப்பீட்டுக்காக மட்டுமல்ல. லாஸ் வேகாஸில் ஐந்து குழந்தைகளின் பெயரும் ஒரே மேசையில் சேர்ந்ததால்தான் அந்தத் தண்ணீர் பிடிபட்டது. உங்கள் புகார் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கலாம். பக்கத்துத் தாமானில் அதே போத்தலைத் திறக்கப்போகும் ஒரு தாய்க்கு, அதுவே எச்சரிக்கையாகப் போய்ச் சேரும்.